திரையில் எரிந்த சிவப்பு

காலை ஏழு மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு அந்தச் சிவப்பு விளக்கு அணைந்தது. எனக்கு அது தெரிந்தபோது மணி எட்டு ஏழு. இடையில் இருந்த இருபத்தாறு நிமிடமும் என் முன்னால் இருந்த திரை, விளக்கு எரிகிறது என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படிக் காட்ட வைத்தவள் நான்தான்.

சங்கரன்கோவிலில் எங்கள் கம்பெனியின் கண்காணிப்பு அறையில், மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘ரோட்டிலிருந்து போன் வந்தால் அதுதான் முதல். திரை அதற்கு அப்புறம்.’ போன மாதம் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அதைக் காட்டிக் கேட்டார்கள்: “இவ்வளவு செலவு பண்ணி ஸ்கிரீன் வச்சிட்டு, எதுக்கு மேடம் இப்படி ஒரு ரூல்?” கேக் வெட்டும் அவசரத்தில் சிரித்து மழுப்பிவிட்டேன். நேரில் சொல்லியிருந்தால் பாதியில் குரல் உடைந்திருக்கும். எழுதினால் நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். திருநெல்வேலியில் ஒரு ஒப்பந்த கம்பெனியில் டிராபிக் சிக்னல் பெட்டிகளின் மின்சுற்று கார்டுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். முதல் சில வருடம் மேசையும் சால்டரிங் புகையும்தான் உலகம். கல்யாணமாகி சங்கரன்கோவில் வந்த பிறகு, சுற்று வட்டார ஊர்களின் சிக்னல்களைப் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்தது. டூல்ஸ் பையோடு பஸ் ஏறுவேன். ரோட்டோரம் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். “பொம்பளப் பிள்ள கரண்ட் வேலை பாக்கு, வாங்க வாங்க” என்று ஒருவர் ஊரையே கூப்பிட்டதும் உண்டு.

பிறகு பெட்டிகளுக்குள் சிம் போட்ட மோடம் வந்தது. எந்த ஊரில் எந்த விளக்கு போய்விட்டது, எங்கே கரண்ட் இல்லை, எந்தப் பெட்டியின் கதவு திறந்திருக்கிறது என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. பச்சை நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆபத்து என்றால் நாலு பக்கமும் மஞ்சளை மின்ன விடலாம். சங்கரன்கோவில் எல்லா ஊருக்கும் நடுவில் இருந்ததால், இங்கே மாடியில் ஓர் அறை பிடித்து, இரண்டு திரை, ஓர் இன்வெர்ட்டர் வைத்து, என்னை உட்கார வைத்தார்கள். வெயிலில் அலைந்தவளுக்கு நாற்காலி. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

எங்கள் பராமரிப்பு இன்ஜினியர் தேவசகாயம் சார். பாளையங்கோட்டைக்காரர், திருநெல்வேலி ஆபீசில் இருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பழுது என்று எந்த முக்குக்குப் போனாலும் நேரே பெட்டியைத் திறக்கமாட்டார். எதிரே போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிக்னல் மூன்று சுற்று சுற்றும்வரை நாலு பக்கமும் பார்ப்பார். வெயிலோ மழையோ, மூன்று சுற்று. அப்புறம்தான் புறங்கையால் பெட்டியைத் தொட்டு, கரண்ட் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைப் போடுவார். வேலை முடிந்ததும் பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் என்ன தொட்டோம், எத்தனை மணிக்குத் தொட்டோம் என்று எழுதியாக வேண்டும். மறுபடி எதிரே போய் மூன்று சுற்று.

திரை வந்த பிறகு அவர் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஏதாவது பழுது என்று போன் செய்தால், “கண்ணால பாத்தீங்களா, ஸ்கிரீன்ல பாத்தீங்களா?” என்பார். நாங்கள் எங்களுக்குள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். டீ வந்துவிட்டது என்று யாராவது சொன்னால்கூட, “கண்ணால பாத்தீங்களா?” என்று கேட்போம்.

இனி அந்த பல்பு விஷயம்.

சிக்னலில் சிவப்புக்குத்தான் பெரிய காவல். பச்சை எரியாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். சிவப்பு எரியாவிட்டால் அந்தப் பக்கம் எந்த விளக்கும் இல்லை. வருகிறவர் சிக்னல் ஓடவில்லை போல என்று நினைத்து நேரே வந்துவிடுவார். அதே நேரம் குறுக்குச் சாலைக்குப் பச்சை. அதனால் சிவப்பு விளக்கில் கரண்ட் ஓடுகிறதா என்று பெட்டி ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஓடவில்லை என்றால் தானாகவே நாலு பக்கமும் மஞ்சளை மின்ன விட்டு, எங்களுக்கும் சொல்லும்.

பழைய குண்டு பல்புகளை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. விளக்குகளை மாட்டியபோது இதில் சிக்கல் வந்தது. எல்.ஈ.டி. இழுக்கிற கரண்ட் ரொம்பக் கொஞ்சம். எங்கள் ஊர் முக்கில் இருந்த பழைய பெட்டிக்கு அது போதவில்லை. சிவப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே, போய்விட்டது என்று நினைத்து மஞ்சளுக்கு மாறிவிடும். ஒரு நாளில் நாலு தடவை. டிராபிக் போலீஸ்காரர் போனில் பிடித்துக்கொண்டார்: “ஏம்மா, ஒங்க சிக்னலு எப்பப் பாத்தாலும் கண்ணடிச்சிக்கிட்டே நிக்கே, அதுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வையுங்களேன்.”

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கைவைத்தியம் இருந்தது. பெட்டிக்குள்ளேயே, சிவப்பு விளக்கின் வயரோடு சேர்த்து ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுவது. சிவப்பு எரியும்போது உள்ளே அதுவும் எரியும். கரண்ட் சேர்ந்து ஓடுவதால் பெட்டி சமாதானமாகிவிடும். கழுகுமலை சாலைப் பக்கத்துச் சிவப்புக்கு அப்படி ஒரு பல்பை நானே என் கையால் மாட்டினேன். நோட்டில் ‘தற்காலிகம்’ என்றும் எழுதினேன். எல்.ஈ.டி.க்கு ஏற்ற புது கார்டு வந்ததும் எடுத்துவிட வேண்டியது.

கார்டு வந்தது. அலமாரியில் இருந்தது. பெட்டி தகராறு செய்யவில்லை, போலீஸ்காரர் திட்டவில்லை, அவசரம் என்ன என்று இருந்துவிட்டேன். எங்கள் ஊர் முக்கில் பழுதே இல்லை என்று மாத அறிக்கை போனது. சார் அதில் கையெழுத்துப் போட்டு, “நல்லா பாத்துக்கிடுதீங்க” என்று சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒரு தடவை வேறு வேலையாகப் பெட்டியைத் திறந்தபோது, அந்த பல்பின் சூட்டுக்கு ஒரு பல்லி அங்கே குடியிருந்தது. பல்லியை விரட்டினேன். பல்பை விட்டுவிட்டேன்.

வெளியே இருக்கிற சிவப்பு செத்துப்போனாலும் உள்ளே தொங்குகிற பல்பு எரிந்துகொண்டிருக்கும், பெட்டி அதைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லும் என்பது எனக்குத் தெரியாததல்ல. முதல் வாரம் அதை நினைத்து பயந்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

எனக்கு ஒரே மகள், கோமதி. அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ஸ்கூட்டரில் அந்த முக்கைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரை போய், அங்கே நிறுத்திவிட்டு ராஜபாளையம் பஸ் பிடிப்பாள். நான் பயந்த சுபாவம். கிளம்பும்போது ஒரு போன், பஸ் ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன் வேண்டும். “எனக்கும் ஒரு சிம்மப் போட்டு ஒன் ஸ்கிரீன்ல ஏத்திக்கோம்மா. பச்சையா இருந்தா இருக்கேன்னு அர்த்தம்” என்பாள்.

அன்றைக்கு நான் ஏழரைக்கே அறைக்கு வந்துவிட்டேன். முக்கில் வழக்கமாக நிற்கும் போலீஸ்காரரை வேறு பந்தோபஸ்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஏழு ஐம்பத்திரண்டுக்கு போன் வந்தது. பெட்டிக் கதவில் எழுதியிருக்கும் எங்கள் நம்பருக்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிட்டது மாடத்தி அக்கா. பெட்டிக்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டியில் இளநீர் விற்பவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

“ஏட்டி, இங்கன செவப்பு எரியலட்டி.”

“எந்தப் பக்கம்க்கா?”

“கழுகுமலை ரோட்டுக்கு. அணஞ்சி கெடக்கு.”

திரையைப் பார்த்தேன். அந்தச் சிவப்புக்கு நேரே பச்சைப் புள்ளி. பழுதில்லை.

“எரியுதுக்கா. இங்க நல்லாக் காட்டுது. காலை வெயிலு நேரா அந்தப் பக்கம்தான் விழும். வெளிச்சத்துல எரியாத மாதிரிதான் தெரியும்.”

அது பொய்யில்லை. கிழக்குப் பார்த்த விளக்குகளில் காலை வெயில் விழுந்தால் அப்படித்தான் இருக்கும். வருடத்துக்கு நாலு பேர் அதற்காகவே போன் செய்வார்கள்.

“அப்படியா சொல்லுத? எனக்கு அணஞ்ச மாதிரிதான் இருக்கு. கண்ணாடி போடணும் போல. சரி தாயி, நீ பாத்துச் சொன்னாச் சரிதான்.”

போனை வைத்துவிட்டார். நான் முந்தின நாள் அறிக்கையை அடிக்க ஆரம்பித்தேன். எட்டு மணிக்குக் கோமதி கூப்பிட்டாள். “கெளம்பிட்டேன்மா. பச்சை.” நானும் சிரித்தேன்.

எட்டு ஆறுக்கு மறுபடி மாடத்தி அக்கா. இந்தத் தடவை சத்தம்தான் முதலில் வந்தது. ஹாரன், ஆட்கள் கூச்சல், அதற்கு நடுவில் அவர் குரல்.

“செவப்பு இல்லவே இல்லட்டி! ஒரு பிள்ள விழுந்துட்டு! பஸ்ஸு இடிச்சிட்டு!”

அப்போதுதான் அந்தப் பச்சைப் புள்ளியை அழுத்தி உள்ளே போய்ப் பார்த்தேன். கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஏழு நாற்பத்தொன்றுக்கு அது ஒரு படி இறங்கியிருந்தது. பழுது என்று அடிக்கிற அளவுக்கு இறங்கவில்லை. எல்.ஈ.டி. இழுக்கிற அந்தக் கொஞ்சம்தான் காணாமல் போயிருந்தது. மிச்சம் முழுவதும் என் பல்பு.

எங்கள் வழக்கப்படி, அறையில் இருந்துகொண்டு ஒருவர் மட்டும் சிக்னலை மஞ்சளுக்கு மாற்ற முடியாது. திருநெல்வேலியிலிருந்து இன்னொருவர் தன் எண்ணை அடித்து ஒப்புக்கொள்ள வேண்டும். மாடத்தி அக்காவை ஒரு போனில் வைத்துக்கொண்டு, இன்னொரு போனில் சாரைக் கூப்பிட்டேன்.

“சார், நம்ம முக்குல கழுகுமலை சைடு செவப்பு போயிட்டு. மஞ்சள் போடணும்.”

“ஸ்கிரீன்ல அப்படிக் காட்டலையேம்மா. யாரு கண்ணால பாத்தது?”

“மாடத்தி அக்கா சார். அங்க இளநீர் விக்கவங்க.”

ஒரு நொடிகூட ஆகவில்லை. “நம்பர் அடிச்சிட்டேன். போடுங்க.”

“சார், உள்ள ஒரு பல்பு… நான்தான் சார் மாட்டினேன்…”

“அத அப்புறம் பேசுவோம். மொதல்ல மஞ்சளப் போடுங்க.”

போட்டேன். மாறிவிட்டது என்று திரை சொன்னது. இனி அதை எப்படி நம்புவது? மாடத்தி அக்கா இருந்த போனுக்கு மாறினேன். “அக்கா, மஞ்சள் மின்னுதா?”

“மின்னுது.”

“நாலு பக்கமும் பாத்துச் சொல்லுங்க.”

“நாலு பக்கமும் மின்னுதுட்டி.”

அப்புறம்தான் கேட்டேன். “விழுந்த பிள்ளை எப்படி இருக்கு? என்ன கலர் துணி?”

“ஊதா சுடிதாரு. பேச்சு இருக்கு.”

காலையில் கோமதிக்கு எதிரே நின்று தோசை வைத்தவள் நான். அவள் என்ன நிறம் உடுத்தியிருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. “பேரக் கேளுங்கக்கா” என்றேன். அங்கே யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார்.

“கோமதியாம்.”

எங்கள் ஊரில் அம்மன் பேர் கோமதி. தெருவுக்கு நாலு கோமதி இருப்பார்கள். இது வேறு கோமதியாக இருக்க வேண்டும் என்று அந்த நிமிடம் வேண்டிக்கொண்டேன். வேறு ஒருத்தி பெற்ற பிள்ளை அங்கே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றுதான் அதற்கு அர்த்தம். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியும் பிரயோசனம் இல்லை.

அக்காவின் போனை வைத்துவிட்டு, மகளுக்குப் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. சாரின் லைன் அப்படியே இருந்தது. “என் பிள்ளையா இருக்குமோன்னு பயமா இருக்கு சார்” என்றேன். “நீங்க கெளம்புங்கம்மா. இங்க இருந்து நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

நான் முக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தது என் கோமதிதான். நெற்றியில் தையல். காறை எலும்பு முறிந்திருந்தது. முழங்கையெல்லாம் தார்ச் சாலையின் சிராய்ப்பு. என்னைப் பார்த்ததும், “போன் எங்கயோ விழுந்துட்டும்மா, அதான் எடுக்கல” என்றாள். எதற்கு விளக்கம் சொல்கிறாள் பாருங்கள். நான் அவளுக்கு அப்படிப் பழக்கியிருக்கிறேன்.

வெளியே பஸ் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். “லைட்டே இல்லம்மா. ஓடலன்னு நெனச்சிட்டேன். அந்த இளநி விக்கிற அம்மா வண்டிய ரோட்டுக்குக் குறுக்க தள்ளிவிட்டுது. அதப் பாத்துத்தான் பிரேக்க மிதிச்சேன். பஸ்ஸு கொஞ்சம் இழுத்து, பாப்பா ஸ்கூட்டர் பின்னால பட்டுட்டு. அந்தத் தள்ளுவண்டி குறுக்க வரலன்னா…”

போலீஸ்காரர்களிடம் நான் சொன்னேன்: “இவர் மேல தப்பில்ல சார். செவப்பு எரியல. எரியலங்கிறத எனக்குத் தெரியாமப் பண்ணினது நான்தான். எழுதித் தாரேன்.” இரண்டு பேரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். எழுதிக் கொடுத்தேன்.

வயல் வேலையாகச் சிவகிரி போயிருந்த என் வீட்டுக்காரர் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னாலேயே தேவசகாயம் சார். அவர் முதலில் முக்குக்குப் போய், எதிரே நின்று பார்த்து, பெட்டியைத் திறந்து, நோட்டைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். கோமதியிடம் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்றார்.

“ராஜினாமா எழுதித் தாரேன் சார்.”

“எழுதுங்க. ராஜினாமா இல்ல. பல்பு ஏன் மாட்டினீங்க, கார்டு வந்தப்புறமும் ஏன் எடுக்கல, எல்லாம் இருக்க மாதிரியே எழுதுங்க. நீங்க ஒருத்தர்தான் மாட்டியிருப்பீங்கன்னு எனக்குத் தோணல.”

அந்த வாரமே எல்லா ஊர்ப் பெட்டிகளையும் திறக்க வைத்தார். இன்னும் மூன்று இடத்தில் பல்பு இருந்தது. மூன்றையும் கழற்றினார்கள். மேலே போன அறிக்கையில் என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதியிருந்தார். பழுதே இல்லாத அறிக்கையைக் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டது தன் தவறு என்று. எனக்கு ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. வேலை நின்றுவிடவில்லை. அந்தத் தாளை அடித்து ஒட்டச் சொன்னதும் அவர்தான். கோமதி இப்போது படிப்பு முடித்துவிட்டாள். குளிர் நாளில் தோள் வலிக்கிறது என்பாள். காலையில் ஏழு நாற்பதிலிருந்து எட்டேகால் வரை நான் இன்னும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அந்த ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று நினைக்கும்போது, பயத்தைவிட நன்றிதான் பெரிதாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “அந்த டிரைவர விட்டுட்டாங்களாம்மா?” என்று மட்டும் கேட்டாள். விட்டுவிட்டார்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

ஐந்தரை மணிக்கு மாடத்தி அக்கா வந்தார். சரிந்த வண்டியை நிமிர்த்தி, உருண்டுபோன காய்களில் கிடைத்ததைப் பொறுக்கி வைத்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்தேன். அவர் கட்டிலைப் பார்த்தார். தையல் போட்ட நெற்றியைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, அவள் முழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“என்னய மன்னிச்சிரு தாயி. படிச்ச பிள்ள நீ சொல்லுதியேன்னு, நா பாத்தத நானே நம்பாம கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டேன். மொதல்லயே வண்டியத் தள்ளி விட்டுருக்கணும்.”